குறைகடத்திகளிற் சிற்றோட்டத்தை அளத்தல்

கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குப் பௌதிகவியல் பற்றியதொரு கட்டுரை வேண்டும் என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். அன்னையின் நிழலிலே ஒரே வாங்கில் இருந்து பயின்ற நாம் இருவரும் இன்று கொட்டகலையில் உயர்தர வகுப்பு மாணவருக்கு அப்பாடத்தையே கற்பித்து வருகின்றோம். விண்வெளிப் பயணம், அணுவின் ஆற்றல் முதலாய பெரும் பொருள்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். நாம் மிகச் சிறியதொன்றை எடுத்துக்கொள்கின்றோம். குறைகடத்திக் கருவிகளுட் செல்லும் நுண்ணிய மின்னோட்டத்தை அளப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்குரிய கருவி லொக்-இன் விரியலாக்கி எனப்படும். அதன் தத்துவம் எளியது. ஆயினும் அதனைக் கையாளும்போது நாம் செய்த பிழை ஒன்று உண்டு. அதனையும் மறையாது கூறுவோம். மாணவர்க்கு அதுவே கூடிய பயன் தரும் என நம்புகின்றோம்.

சிற்றோட்டம் என்பது யாது?

கைமின்விளக்கிலுள்ள சிறு ஒளிகாலும் இருவாயியினூடாக ஏறத்தாழ 20 மில்லி அம்பியர் ஓட்டம் செல்கின்றது எனக் கொள்வோம். அதனை இரண்டு கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 1 நனோ அம்பியர் ஆகும். இது மிகச் சிறிதெனத் தோன்றினும், அவ்வோட்டத்திலே ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 624 கோடி இலத்திரன்கள் கடந்து செல்கின்றன. அதனினும் ஆயிரம் மடங்கு சிறியது பிக்கோ அம்பியர். அதிலும் செக்கனுக்கு அறுபத்திரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இலத்திரன்கள் செல்லும்.

இவ்வளவு சிறிய ஓட்டத்தை அளந்து ஆவது என்னை எனச் சிலர் வினவலாம். மங்கலான ஒளி படும் ஒளி இருவாயி தருவது இத்தகைய ஓட்டமே. புதிதாக ஆக்கப்பட்ட குறைகடத்திப் படலம் ஒன்று ஒளியை மின்னாக்குமா, ஆக்குமெனின் எந்நிறத்து ஒளியை எவ்வளவு திறமையாக ஆக்கும் என்பதையும் இவ்வோட்டமே கூறும். ஒரு பொருளின் தூய்மையையும் அதன் உள்ளமைப்பிலுள்ள குறைகளையும் ஆராய்வோர்க்கும் இதுவே சான்று. இச்சான்றிற் பிழை நேரின், அதன்மேற் கட்டும் முடிபுகள் யாவும் பிழையாகும்.

பெருக்கினால் மட்டும் போதாமை

சிறிய ஓட்டத்தை விரியலாக்கியால் ஆயிரம் மடங்கு, பதினாயிரம் மடங்கு பெருக்கிவிட்டால் என்ன? மாணவர் முதலிற் கூறும் வழி இதுவே. ஆனால் விரியலாக்கி வேண்டியது, வேண்டாதது எனப் பிரித்தறியும் ஆற்றல் உடையதன்று. சைகையைப் பெருக்கும் அதே அளவில் இரைச்சலையும் பெருக்கிவிடும்.

இரைச்சல் மூவழிகளில் வருகின்றது. முதலாவது, வெப்பத்தால் எழுவது. எந்தத் தடையியினுள்ளும் இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாது அலைகின்றன. 1928 இல் ஜோன்சன் இதனை அளந்து காட்டினார். நைக்குவிஸ்ற் அதன் கணிதத்தை வகுத்தார். சாதாரண வெப்பநிலையில் உள்ள 1 மெகா ஓம் தடையி, 10,000 ஹேர்ட்ஸ் அகலமுள்ள மீடிறன் பட்டையில் ஏறத்தாழ 13 பிக்கோ அம்பியர் இரைச்சலைத் தரும். பட்டையைக் கால் ஹேர்ட்ஸ் அளவுக்குக் குறுக்கின், அது 0.06 பிக்கோ அம்பியராகக் குறையும். இருநூறு மடங்கு குறைவு என்பதைக் கவனிக்குக. கேட்கும் வாயிலை ஒடுக்கினால் இரைச்சல் குறையும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, மெல்ல ஊர்ந்து செல்லும் மாற்றம். கருவி சூடேறுந்தோறும் அதன் பூச்சியம் இடம் பெயரும். ஜன்னலுக்கு வெளியே முகில் நகர அறையின் ஒளி மாறும். தாழ்ந்த மீடிறன்களில் இவ்விரைச்சல் மிகுதியாகும். ஆதலின் மாறாத நேரோட்டமாக அளக்க முயல்வோர் இதன் வாயில் அகப்படுவர்.

மூன்றாவது, மின்வழங்கலால் வருவது. எமது நாட்டில் வீட்டு மின் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் உடையது. மின்குமிழின் ஒளியோ ஒவ்வோர் அரைச்சுற்றிலும் ஏறி இறங்குவதால் 100 ஹேர்ட்ஸில் துடிக்கும். கண்ணுக்குப் புலப்படாத இத்துடிப்பு ஒளி இருவாயிக்கு நன்றாகப் புலப்படும்.

தாளம் அறிந்து கேட்டல்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களைக் கொட்டகலையிற் கழித்தோர் அறிவர். லயத்தின் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது அடுத்த காம்பிராவில் ஒருவர் உரத்துப் பேசினும் கேளாது. அம்மழையினூடே தொலைவிலுள்ள டிவிசனிற் கோயிற் கொண்டாட்டத்துக்குத் தப்பு அடிக்கின்றார்கள் எனக் கொள்வோம். தாளத்தை அறியாதவனுக்கு அவ்வோசை மழையோடு மழையாய்ப் போய்விடும். அறிந்தவனோ தொடையில் விரலால் அத்தாளத்தைத் தட்டிக்கொண்டு, அடி விழவேண்டிய கணங்களில் மட்டும் செவியைக் கூர்மையாக்குவான். மழையின் ஓசை அக்கணங்களிற் சிலபோது கூடும், சிலபோது குறையும். பலமுறை கேட்டுச் சராசரி காணும்போது அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தப்பின் ஓசை மட்டும் ஒவ்வோர் அடியிலும் சேர்ந்து சேர்ந்து தெளிவாகும்.

லொக்-இன் விரியலாக்கி செய்வதும் இதுவே. இங்கு ஒரு வசதி மேலும் உண்டு. தாளத்தை வெளியிலிருந்து கேட்டு அறியவேண்டுவதில்லை. நாமே அதனை இடுகின்றோம். ஒளியின் முன்னே துளையிட்ட தட்டொன்றைச் சுழற்றியோ, ஒளிகாலும் இருவாயியை ஒழுங்காக ஏற்றி அணைத்தோ, செக்கனுக்கு 137 முறை ஒளியைத் துண்டாடுகின்றோம் எனக் கொள்க. அவ்வொளியால் எழும் ஓட்டமும் 137 ஹேர்ட்ஸிலேயே ஏறி இறங்கும். அதே தாளத்தைத் தனியொரு கம்பி வழியாகக் கருவிக்கும் கொடுக்கின்றோம். இதனை உசாத்துணைச் சைகை என்பர். ஒளி உள்ள அரைப்பொழுதில் வரும் வோல்ற்றளவைக் கருவி கூட்டற் குறியோடும், ஒளி இல்லாத அரைப்பொழுதில் வருவதைக் கழித்தற் குறியோடும் ஏற்றுக்கொள்ளும். பின் யாவற்றையும் சராசரியாக்கும். மாறாத ஓட்டம் கூட்டலிலும் கழித்தலிலும் சமமாக வந்து மறையும். 50 ஹேர்ட்ஸ், 100 ஹேர்ட்ஸ் துடிப்புகள் தாளம் பொருந்தாமையால் அழியும். எஞ்சி நிற்பது நாம் இட்ட தாளத்தோடு வந்த ஓட்டம் ஒன்றே.

கணிதம் பயிலும் மாணவர் இதனை இரு சைன் அலைகளின் பெருக்கமாகக் காணலாம். ஒரே மீடிறனுடைய இரு சைன் அலைகளைப் பெருக்கின், இரட்டை மீடிறனுடைய அலையொன்றும், அவ்விரண்டின் அவத்தை வேறுபாட்டின் கோசைனுக்கு விகிதசமமான மாறா உறுப்பொன்றும் தோன்றும். சராசரியில் முன்னது மறையப் பின்னது நிற்கும். அவத்தை வேறுபாடு 90 பாகையாயின் கோசைன் பூச்சியமாதலால் வாசிப்பும் பூச்சியமாகும். ஆதலினாற் சிறந்த கருவிகள் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகிய இரு தாளங்களால் இரு வாசிப்புகளை எடுக்கின்றன. ஒன்று 3 அலகும் மற்றையது 4 அலகும் ஆயின், சைகையின் வீச்சம் பைதகரசின் தேற்றப்படி 5 அலகாகும்.

இக்கருவியின் வரலாறு

இந்த எண்ணம் ஒருவரால் ஒரே நாளிற் பிறந்ததன்று. 1941 இல் மிச்செல்ஸ், கேட்டிஸ் என்னும் இருவர் வெற்றிடக் குழாயால் அமைத்த கருவியொன்றை விவரித்தபோது லொக்-இன் என்னும் பெயரைத் தம் கட்டுரைத் தலைப்பில் இட்டனர். 1946 இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரொபேட் டிக்கே, வானிலிருந்து வரும் மிக மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சை அளக்க இம்முறையையே கையாண்டார். செக்கனுக்கு 30 முறை தம் வாங்கியை மாற்றி மாற்றி ஒப்பிட்டு, வாங்கியின் சொந்த இரைச்சலினும் பன்மடங்கு சிறிய வேறுபாட்டை அவர் கண்டறிந்தார். 1960 களின் தொடக்கத்தில் அவரும் அவர் நண்பர்களும் நிறுவிய நிறுவனம் இக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று இதே பெருக்கலும் சராசரியும் இலக்கமுறையிற் செய்யப்படுகின்றன.

குறைகடத்தியிற் சிற்றோட்டம் காணும் முயற்சியில் எம் நாட்டுக்கு அண்மையிலேயே முன்னோடி ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயச் சல்பைட்டுப் பளிங்கின்மேல் உலோக முனையொன்றைப் பொருத்தி மின்னலைகளை உணரும் கருவியை ஆக்கினார். 1901 இல் விண்ணப்பித்த அதற்கு அமெரிக்கக் காப்புரிமை 1904 இற் கிடைத்தது. குறைகடத்திக் கருவிக்கு வழங்கப்பட்ட முதற் காப்புரிமைகளுள் அஃது ஒன்றாகும்.

கண்டியில் ஆக்கிய ஒளிக்கலம்

கொட்டகலையிற் புகையிரதமேறிக் கண்டிப் பக்கம் இறங்குவோர் ஒரு பகலிற் சென்று மீளக்கூடிய தூரத்தில், ஹந்தானையில், தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் உள்ளது. 1991 இல் ஓறீகன், கிறற்செல் என்போர் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் நுண்துளைப் படலத்திற் சாயமேற்றி, திரவ மின்பகுபொருளோடு சேர்த்து, மலிவான சூரிய ஒளிக்கலமொன்றை அறிவித்தனர். திரவம் கசியும், ஆவியாகும் என்பது அதன் குறை. பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவர்தம் குழுவினரும் திரவத்தை நீக்கி, செப்பு அயடைட்டு என்னும் திண்மக் குறைகடத்தியை அவ்விடத்தில் நிரப்பிய கலத்தை 1995 இல் வெளியிட்டனர். சாயமாக அவர்கள் கொண்டது பூக்களிலும் கனிகளிலும் காணப்படும் சயனிடின் என்னும் நிறப்பொருள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியற் றுறையிலும் சூரியக் கல ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது. இத்தகைய ஆராய்ச்சி எம் மாணவர்க்கு எட்டாத் தொலைவிலுள்ளது அன்று என்பதற்காகவே இதனை இங்குக் கூறினோம்.

இத்தகைய கலத்தின் தரத்தை எவ்வாறு அறிவது? வெண்ணொளியைப் பிரித்து ஒரு நிறத்தை மட்டும் கலத்தின்மீது விழுத்துவர். அந்த ஒற்றை நிற ஒளி மங்கலானது. அதனால் எழும் ஓட்டமும் சிறியது. உதாரணமாக, 540 நனோமீற்றர் அலைநீளமுடைய பச்சை ஒளி 1 நனோவாற்று வலுவோடு வீழ, 0.2 நனோ அம்பியர் ஓட்டம் கிடைத்தது எனக் கொள்வோம். அவ்வொளியின் ஒரு போட்டன் ஏறத்தாழ 2.3 இலத்திரன் வோல்ற்று சத்தி உடையது. ஆகவே 0.2 ஐ 2.3 ஆற் பெருக்க 0.46 வரும். வீழ்ந்த நூறு போட்டன்களுக்கு ஏறத்தாழ நாற்பத்தாறு இலத்திரன்கள் வெளிவந்தன என்பது பொருள். ஓட்டத்தை 0.3 எனப் பிழையாக வாசித்தால் நாற்பத்தாறு அறுபத்தொன்பதாகும். சாதாரணமான கலம் சிறந்த கலமாகத் தோன்றும்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. சாயமேற்றிய கலங்களுட் சில விரைவாக இயங்குவன அல்ல. இலத்திரன்கள் நுண்துளைப் படலத்திற் சிக்கித் தங்கி மெல்லவே வெளிவரும். ஒளியை மிக வேகமாகத் துண்டாடின் ஓட்டம் முழுமையாக ஏறுமுன் ஒளி அணைந்துவிடும். வாசிப்பு உண்மையிலும் குறையும். ஆதலின் அளப்பவர் மீடிறனைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து, வாசிப்பு மேலும் உயராத நிலையைக் கண்டபின்னரே அளத்தல் வேண்டும்.

எமது மேசையில் நிகழ்ந்தது

இனி எம் அனுபவத்தைக் கூறுவோம். விலையுயர்ந்த கருவி எம்மிடம் இல்லை. சிலிக்கன் ஒளி இருவாயி ஒன்று, செயற்பாட்டு விரியலாக்கிகள் சில, மின்னால் இயங்கும் ஆளிச் சிப்பு ஒன்று, 1 மெகா ஓம் தடையி ஒன்று என்பவற்றைக் கொண்டு நாமே ஒரு லொக்-இன் விரியலாக்கியை அமைத்தோம். சராசரியாக்குவதற்கு 100 கிலோ ஓம் தடையியையும் 10 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவியையும் இணைத்தோம். அவற்றின் நேர மாறிலி 1 செக்கன். ஒளி இருவாயியில் 1 நனோ அம்பியர் எழுந்தால் வெளிவாயிலிற் பல்மானி 50 மில்லிவோல்ற்றுக் காட்டுமாறு பெருக்கத்தைச் சரிசெய்தோம்.

அறையின் திரைகளை இழுத்துவிட்டோம். ஆயினும் இடுக்குகளால் வந்த பகலொளியே ஏறத்தாழ 1 மைக்குரோ அம்பியர் ஓட்டத்தைத் தந்தது. மேசையின் மறுகோடியில் ஊசித்துளையின் பின்னே 137 ஹேர்ட்ஸில் மின்னிய சிறு விளக்கின் ஒளி, அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் என மதிப்பிட்டிருந்தோம். கருவியை இயக்கினோம். பல்மானி மெல்ல ஏறி 41 மில்லிவோல்ற்றில் நின்றது. அதாவது 0.82 நனோ அம்பியர். மதிப்பீட்டினும் மிகுதியாயினும், எண் அசையாது நின்றமையால் நாம் மகிழ்ந்தோம். செய்முறை ஏட்டிற் பதிவு செய்தோம். கண்காட்சிக்கென எழுதிய அட்டையிலும் அவ்வெண்ணை மையால் எழுதுவித்தோம்.

அப்பொழுது பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், விளக்கு எரியும்போதே இருவாயியைக் கறுப்புத் தாளால் மூடினால் மானி பூச்சியத்துக்கு வரவேண்டும் அல்லவா?" எனக் கேட்டாள். வரவேண்டும் என்றோம். மூடிப் பார்க்கலாமா என்றாள். மூடினாள். மானி 17 மில்லிவோல்ற்றில் நின்றது. வகுப்பு அமைதியாயிற்று. ஒளியே இல்லாதபோது ஒளியோட்டம் எங்ஙனம் வரும்? எம்மிடம் உடனே விடை இல்லை என்பதை அவ்விடத்திலேயே ஒப்புக்கொண்டோம்.

விடை காண இரண்டு நாள் ஆயின. விளக்கை இயக்கும் 5 வோல்ற்றுக் கம்பியும் இருவாயியின் கம்பியும் அருகருகே சென்றன. இரு கம்பிகளும் தம்முள் ஒரு சிறு கொள்ளளவியாகி, விளக்கின் தாளத்தை நேரே கருவிக்குட் கடத்தின. மீடிறனை இரட்டித்துப் பார்த்தபோது மூடிய நிலையின் வாசிப்பு ஏறக்குறைய இரட்டித்தமை இதற்குச் சான்றாயிற்று. கொள்ளளவியின் வழியே செல்லும் ஓட்டம் மீடிறனோடு உயர்வது. கம்பிகளைப் பிரித்து, இருவாயியின் கம்பிக்கு உலோகப் பின்னற் கவசமிட்டு, 137 ஹேர்ட்ஸுக்கு மீண்டபின் 17 என்பது 6 ஆயிற்று.

எஞ்சிய 6 எங்கிருந்து வந்தது? அன்று பிற்பகல் மூடுபனி அறைக்குள்ளும் புகுந்திருந்தது. மறுநாள் முற்பகல் வெயில் எறித்தபோது அதே வாசிப்பு 1 ஆகக் குறைந்திருந்தது. சுற்றுப் பலகையின்மேற் படிந்த ஈரமே காரணம். ஈரப்படலத்தின் தடை ஆயிரங் கோடி ஓம் அளவு பெரிதாயினும், 5 வோல்ற்று அதனூடே 0.5 நனோ அம்பியரைச் செலுத்தும். நாம் தேடிய சைகையும் அவ்வளவே! வெயிலில் மூடியைத் திறந்தபோது மானி 25 காட்டியது. 25 இலிருந்து 1 போக 24, அதாவது 0.48 நனோ அம்பியர். முதல்நாள் வாசிப்பாகிய 41 இலிருந்து 17 போனாலும் அதே 24 தான். முதல்நாள் நாம் எழுதிய எண்ணோ உண்மையினும் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கூடியது.

இதிலிருந்து நாம் கற்றது யாது? இக்கருவி தாளம் பொருந்தாத எல்லாவற்றையும் நீக்கும். தாளம் பொருந்திய எதனையும் நீக்காது. ஒளியின் வழியே வந்ததா, கம்பியின் வழியே வந்ததா, ஈரத்தின் வழியே வந்ததா என அது கேட்பதில்லை. அதனைக் கேட்கவேண்டியவர் அளப்பவரே. வாசிப்பு அசையாது நிற்பது இரைச்சல் நீங்கியது என்பதற்குச் சான்று. வாசிப்பு உண்மையானது என்பதற்குச் சான்றன்று.

செய்துபார்ப்போர்க்குச் சில குறிப்புகள்

1. துண்டாடும் மீடிறன் 50 இன் மடங்காகவோ அதற்கு அண்மையதாகவோ இருத்தலாகாது.

2. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் நேர மாறிலியின் ஐந்து மடங்கு நேரமேனும் காத்திருந்து வாசிக்குக. அதற்குள் வாசிப்பு இறுதிப் பெறுமானத்தின் 99 விழுக்காட்டைக் கடந்திருக்கும்.

3. விளக்கை அணைத்துப் பூச்சியம் பார்ப்பது போதாது. விளக்கும் தாளமும் இயங்கிக்கொண்டிருக்க, ஒளியின் பாதையை மட்டும் மறைத்துப் பூச்சியம் பார்க்குக. அளவீட்டின் முன்னும் பின்னும் இதனைச் செய்க. இடையில் ஈரம் மாறியிருக்கக் கூடும்.

4. இரு அவத்தை வாசிப்புகள் உள்ள கருவியாயின், பூச்சியத்தை ஒவ்வொன்றிலும் தனித்தனியே கழித்தபின்னரே வீச்சத்தைக் கணிக்குக. வீச்சங்களை நேரே கழித்தல் பிழை.

5. மலைநாட்டிற் சுற்றுப் பலகையை மதுசாரத்தால் துடைத்து, மூடிய பெட்டிக்குள் சிறு மின்குமிழால் இளஞ்சூடாக வைத்திருத்தல் நன்று. உள்வாயிற் புள்ளியைச் சுற்றி, நிலத்தோடு இணைத்த காப்பு வளையம் ஒன்றும் இடுக.

முடிவுரை

மலையகத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்புகள் உள்ள பாடசாலைகள் இன்றும் போதியன அல்ல. உள்ள இடங்களிலும் செய்முறையைப் புத்தகத்திற் படித்துவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்குச் செல்லும் மாணவர் பலர். அவர்களுக்கு விலையுயர்ந்த கருவிகள் வந்துசேரும் வரை காத்திருக்கவேண்டும் என்பதில்லை. தடையிகளும் கவசக் கம்பியும் ஒளி இருவாயிகளும் அடங்கிய ஒரு சிறு பெட்டி, நனோ அம்பியரின் உலகத்தை அவர்கள் கைக்குக் கொண்டுவரும். அன்னையின் பழைய மாணவருட் பொருள் வசதியும் மனமும் உடையோர், தம் ஊர்ப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களை ஒருமுறை எட்டிப்பார்க்குமாறு வேண்டுகின்றோம்.

எமது செய்முறை ஏட்டில் 0.82 என்னும் எண் இன்றும் உள்ளது. அழிக்கவில்லை, ஒற்றைக் கோட்டால் வெட்டியிருக்கின்றோம். அதன் கீழே 0.48 என்று அம்மாணவியின் கையெழுத்திற் காணப்படும். அருகே அன்றைய தேதியும், "பாதை மறைத்துப் பூச்சியம் பார்க்கப்பட்டது" என்னும் குறிப்பும் உண்டு. புதிதாக வகுப்பிற் சேரும் மாணவருக்கு நாம் முதலிற் காட்டுவது அப்பக்கத்தையே.

வாழ்க கல்லூரி அன்னை! வளர்க அவள் பணி!